சத்தம் வருகிற பக்கம்

அருணாவின் கைராசியைப் பற்றி மலைமேல் வளப்பூர் நாட்டில், அந்த நாலைந்து ஊர்களில், யாரைக் கேட்டாலும் வாய் நிறையச் சொல்வார்கள். விதைப்பு என்றால் முதல் கைப்பிடிச் சாமையை அவள்தான் விசிற வேண்டும். மிளகுக்கொடி நடுவதென்றால் முதல் துண்டை அவள்தான் ஊன்ற வேண்டும். பக்கத்து ஊட்டில் கன்றுக்குட்டி வாங்கினால்கூட அவளைக் கூப்பிட்டுக் கயிற்றைத் தொடச் சொல்லிவிட்டுத்தான் தொழுவத்தில் கட்டுவார்கள். கூலி கிடையாது, சேலை கிடையாது, ராசிக்காரி என்ற பேர் மட்டும் தாராளமாகக் கிடைத்தது. அந்தக் கைக்குச் சொந்தக்காரி எப்படி இருக்கிறாள் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஆகவே அவள் புருஷன் இளங்கோ ஸ்பீக்கர் வாங்கப் புறப்பட்டபோது, "நீயும் வா, தொட்டு எடுத்துக் குடு" என்று அவளையும் கிளப்பியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. மாடியில் ஜன்னலே வைக்காமல் ஓர் அறை கட்டியிருந்தான். மிளகு போட்டு வைக்க என்றுதான் ஊரில் சொன்னான். பூச்சு காய்ந்ததும் பேச்சு மாறிவிட்டது. அது மிளகுக்கு இல்லையாம், சினிமாவுக்காம். நாமக்கல்லில் அவன் பெரியப்பா மகன் பூபதிக்குக் கோழிப்பண்ணை. பூபதி ஊட்டில் இப்படி ஓர் அறையில் உட்கார்ந்து படம் பார்த்துவிட்டு வந்த நாள் முதல் இளங்கோவுக்குச் சோறு இறங்கவில்லை. "முதுகுக்குப் பின்னால ஹெலிகாப்டர் போவுதப்பா, திரும்பிப் பாத்துட்டேன்" என்று டீக்கடையில் ஆள் மாற்றி ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தான். பூபதிக்கு இருப்பது தனக்கும் வேண்டும், முடிந்தால் ஒரு முழம் உயரமாக வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. நாலாபக்கமும் வந்து சூழ்கிற சத்தத்துக்காக ஸ்பீக்கர் பொறுக்கப் போகிறவளுக்கு இடது காது கேட்காது. கொஞ்சம் கேட்கும், மங்கலாகக் கேட்கும் என்கிற கதை இல்லை. சுத்தமாகக் கேட்காது.

அருணா ஆலத்தூர் நாட்டுப் பெண், அப்பாசாமியின் மூத்த மகள். மலையில் ஊடுகள் தள்ளித் தள்ளி இருக்கும். ஒருத்தரைப் பார்த்துப் பேச வேண்டுமென்றால் இறங்கி ஏறக் கால் ஒடிந்துவிடும். அதனால் நின்ற இடத்திலிருந்தே கூவுவார்கள். இந்தச் சரிவில் நின்று கூவினால் எதிர்ச் சரிவில் இருப்பவர் பதில் குரல் கொடுப்பார். பாறையில் மோதித் திரும்புகிற குரலும் கூடவே வரும். எது ஆள் குரல், எது பாறைக் குரல் என்று பிரித்துத் தெரிந்துகொள்வது அங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தாய்ப்பாலோடு வருவது. அருணா அதில் கெட்டிக்காரி. குனிந்து களை எடுத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், "சித்தப்பா மேலக் கொல்லையில நிக்கிறாரு, மம்பட்டி கேக்கறாரு" என்பாள். சரியாக இருக்கும்.

கல்யாணமாகி வளப்பூர் நாட்டுக்கு வந்தாள். மகள் பிறந்து பால்குடி மறக்காத சமயம். சந்தைக்குப் போன இளங்கோ நன்றாகக் குடித்துவிட்டு வந்து, மேல் கொல்லையில் நின்றுகொண்டு அவளைக் கூவினான். குழந்தை அப்போதுதான் மடியில் கண் அசந்திருந்தது. பதிலுக்குக் கூவினால் எழுந்துவிடுமே என்று அவள் சும்மா இருந்தாள். இறங்கி வந்தான். கையை விரித்து வைத்து ஒரே அறை. காதுக்குள் கொய்யென்று ஒரு சத்தம் எழுந்தது. அந்தச் சத்தம் பல நாள் அடங்கவே இல்லை. அது அடங்கியபோது அந்தப் பக்கத்தில் வேறு எதுவுமே இல்லாமல் போயிருந்தது.

காதிலிருந்து ரத்தமும் நீருமாக வடிந்ததை மாமியார்க்காரி துணி வைத்து அடைத்தாள். யாராவது கேட்டால், "மருமவளுக்குக் காய்ச்சலுங்க, காதுல எறங்கிருச்சு" என்றாள். அட, என்ன ஒரு சாமர்த்தியம். மகனையும் காப்பாற்றியாயிற்று, ஊர் வாயையும் மூடியாயிற்று. அருணாவும் அதையே சொன்னாள். வேறு என்ன சொல்வாள், அந்த வயதில், கையில் குழந்தையோடு? மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டாள். காய்ச்சல் மட்டும் சாகவில்லை.

அதற்கப்புறம் யாராவது கூவினால் அருணாவுக்குத் திக்கு தெரியவில்லை. கிழக்கே நின்று கூப்பிட்டால் மேற்கே பார்த்தாள். பாறைக்குப் பதில் சொன்னாள். சில நேரம் பதிலே சொல்லவில்லை. "ஆலத்தூர்க்காரிக்குத் திமிரு, கூப்பிட்டாத் திரும்ப மாட்டா" என்று பேச்சு கிளம்பியது. பஸ்ஸில் ஏறினால் ஆள் தன் வலப்பக்கம் உட்காருகிற மாதிரி இடம் பார்த்து உட்காரவும், பந்தியில் ஓரத்து இலையைப் பிடிக்கவும் அவள் பழகிக்கொண்டாள். ஊர் அதையும் அலட்டல் என்றது.

இளங்கோ மறுபடி கை நீட்டவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். குடியை விட்டான், மாலை போட்டான், மிளகில் நாலு காசு பார்த்தான், மகளை ராசிபுரத்தில் கட்டிக் கொடுத்தான். "குடிக்க மாட்டான், பொண்டாட்டி மேல கை வெக்க மாட்டான், தங்கமான மனுசன்" என்று ஊர் அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. அருணா அந்தப் பாராட்டை எல்லாம் வலது காதில் வாங்கிக்கொள்வாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். 'நான்தான் அடிச்சேன்' என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து ஒரு தடவை வர வேண்டும். மன்னிப்பு வேண்டாம். மன்னிப்பை வாங்கி என்ன செய்வது, காதிலா ஊற்றிக்கொள்ள முடியும்? சொன்னால் போதும். நாமக்கல்லில் காது டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இதுல அடி ஏதாவது பட்டுச்சா?" என்று கேட்டபோது அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். "புள்ள பொறந்த சமயத்துக் காய்ச்சலுங்க சார்" என்றான் அவன், கண் இமைக்காமல். இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் கை கழுவப் போய்விட்டார். அன்றைக்குத்தான் அந்த ஆசை அவளுக்குள் வேர் பிடித்தது. சாவதற்குள் இவன் வாயால் கேட்டுவிட வேண்டும்.

மலைக்குக் கீழே முள்ளுக்குறிச்சியில் பக்ருதீன் பாயின் டிவி, ஸ்பீக்கர் கடை பெரிய கடை. பாய் கல்லாவில் உட்காருவார். சரக்கு, வயர், மாட்டித் தருவது எல்லாம் மகள் சபீரா பொறுப்பு. உள்ளே கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் வராத ஓர் அறையை இதற்கென்றே ஒழித்து வைத்திருந்தாள்.

இளங்கோ உள்ளே நுழைந்ததும் நெஞ்சு உயரத்துக்கு நின்ற இரண்டு ஸ்பீக்கர்களைத் தட்டிப் பார்த்தான். "இதுதான். பூபதி ஊட்டுல இடுப்பளவுதான் இருக்குது."

"உங்க ரூம் எவ்வளவு பெருசுங்கண்ணா?" என்று கேட்டாள் சபீரா.

அவன் சொன்னான். அவள் உதட்டைப் பிதுக்கினாள். "இது கல்யாண மண்டபத்துக்குச் சரிங்கண்ணா. அந்த ரூம்ல வெச்சா சொவரு அதிரும், பேசறது ஒண்ணும் வெளங்காது. வெறும் சிமிட்டி சொவரு வேற. மொதல்ல கனமா ரெண்டு தெரைச்சீலை தொங்க விடுங்க, கீழ ஜமுக்காளம் போடுங்க. ஸ்பீக்கரு சின்னதாப் போதும். முன்னால மூணு, பின்னால ரெண்டு, திம்திம்முனு அதிர்றதுக்கு ஒரு வூஃபரு. முன்னால நடுவுல வெக்கிறது இருக்குது பாருங்க, வசனம் பூரா அதுலதான் வரும். காசு போடறதுன்னா அதுல போடுங்க."

இளங்கோவுக்கு முகம் சுருங்கிவிட்டது. சின்னதை வாங்கிக்கொண்டு போய் யாரிடம் காட்டுவது? கடைசியில் அவன் எப்போதும் செய்வதையே செய்தான். "அருணா, நீ தொடு. எதைத் தொடறயோ அதுதான்."

அவள் பார்த்தாள். சுவரோரம் கறுப்பாக, அடக்கமாக ஒரு செட் இருந்தது. அதன் மேல் கை வைத்தாள்.

"நல்லதாத்தான் எடுத்திருக்கீங்கக்கா" என்றாள் சபீரா. "ஆனா கையி தொட்டாப் போதாது, காது ஒத்துக்கணும். இந்த நடு நாற்காலியில உக்காருங்க. கண்ண மூடிக்குங்க. மழை பேயற மாதிரி சத்தம் ஒண்ணு விடுவேன், ஒவ்வொரு ஸ்பீக்கராச் சுத்தி வரும். எந்தப் பக்கம் கேக்குதோ அந்தப் பக்கம் கையக் காட்டுங்க. எல்லாருக்கும் இப்படித்தான் பாப்போம்."

அருணா உட்கார்ந்தாள். எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. கண்ணை மூடினாள். மழை வந்தது. வலப்பக்கம் கை காட்டினாள். மறுபடி மழை வந்தது. அதுவும் வலப்பக்கம்தான். எத்தனை தடவை வந்தாலும் வலப்பக்கம்தான். ஒரு தடவை மழையே வராத மாதிரி இருந்தது. சும்மா இருந்தால் தப்பாகிவிடுமே என்று அப்போதும் வலப்பக்கமே காட்டினாள். கண்ணைத் திறந்தபோது சபீரா அவள் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தாள். கடைப் பையன்கள் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

"அக்கா, அந்தக் காது பொறவியிலயே இப்படியா, நடுவுல போச்சா?"

"நடுவுலதானுங்க" என்றாள் அருணா.

சொல்லிவிட்டு அவள் இளங்கோவைப் பார்த்தாள். இதோ, கேட்கிறவள் கேட்டுவிட்டாள். தெரியாத ஊர், தெரியாத சனம். இங்கே சொன்னால் யாருக்கு மானம் போகப்போகிறது? சொல்லேன், சொல்லித் தொலையேன் என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது.

இளங்கோ சிரித்தான். "காய்ச்சல்ல போனதும்மா." கதவைத் திறந்து கல்லாப் பக்கம் திரும்பினான். "ஏனுங்க பாயி, என்ற சம்சாரத்துக்கு ஒத்தைக் காதுதான். பாதி ஸ்பீக்கருதான் கேக்கும். பாதி வெலை போடுங்க."

பக்ருதீன் பாய் வியாபாரி. வாடிக்கையாளர் சொன்ன தமாஷுக்குச் சிரிக்காமல் இருப்பாரா? சிரித்தார். பையன்களும் பொத்திய கையை எடுத்துவிட்டுச் சிரித்தார்கள். தன் தமாஷ் எடுபட்ட சந்தோஷத்தில் இளங்கோ இன்னொரு தடவை அதையே சொன்னான். ஆண்டவனே, இந்த மனுஷனுக்குத் தோல் எத்தனை கனம். சபீரா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அருணாவின் வலது பக்கமாக நின்று கொடுத்தாள். குடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றாள்.

பெட்டிகளை ஒரு வேனில் ஏற்றிவிட்டு இருவரும் பஸ்ஸில் ஏறினார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திணறி ஏறிக்கொண்டிருந்தபோது அருணா கேட்டாள்.

"காய்ச்சல்னு ஏன் சொன்னீங்க?"

"எதை?"

"என்ற காதை."

"பின்ன என்னன்னு சொல்றது?" என்றான் இளங்கோ. கையில் ஸ்பீக்கர் படம் போட்ட தாளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்கவில்லை. "அந்த நடு ஸ்பீக்கர இன்னும் கொஞ்சம் பெருசா எடுத்திருக்கலாம் போல."

ஒளிக்கிறான் என்று அவள் நினைத்தாள். மனசுக்குள் போட்டு அமுக்கி வைத்திருக்கிறான், அது அவனையும் அரிக்கிறது, அதனால்தான் பேச்சை மாற்றுகிறான். அப்படி நினைத்தது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. அரிக்கிற இடம் என்று ஒன்று அவனுக்குள் இருக்கிறதே, அது போதாதா? பாவம், அவளுக்கு அவன் மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முதல் படம். திரைச்சீலை தொங்கியது, ஜமுக்காளம் விரித்திருந்தது. ஜன்னல் இல்லாததால் பட்டப்பகலிலும் அறை கும்மிருட்டாக இருந்தது. ஒற்றை விளக்கு மட்டும் எரிந்தது. இளங்கோ ஊரையே அழைத்திருந்தான். பங்காளி அண்ணாமலை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவர் ஊர்ப் பெரிய மனிதர், பஞ்சாயத்தில் முதல் வார்த்தை அவருடையது. பக்கத்து ஊட்டுக் கண்ணாயி பலாச்சுளை நிறைந்த தட்டோடு வந்து அருணாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆணும் பெண்ணுமாக அறை கொள்ளாத கூட்டம்.

இளங்கோ எல்லோருக்கும் ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாகக் கை காட்டி விளக்கினான். முள்ளுக்குறிச்சியில் சபீரா சொன்னதை எல்லாம் தன் சொந்தப் புத்தி போலவே சொன்னான். நெஞ்சு உயர ஸ்பீக்கர் பட்டிக்காட்டான் வாங்குவதாம். "அப்புறம் இதையெல்லாம் பொறுக்கினது யாருன்னு நெனைக்கறீங்க? அருணாதான். தொட்டா, எடுத்துட்டு வந்துட்டோம்."

"அட, அவளுக்கு ஒரு பக்கம் காதே கேக்காதே" என்றாள் கண்ணாயி. வெள்ளை மனசுக்காரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுவாள். "ஏங்கண்ணு, உனக்கு இந்தச் சத்தமெல்லாம் எப்படிக் கேக்கும்?"

"அதைச் சொல்லுங்க" என்று இளங்கோ தொடையைத் தட்டினான். "கடையில அந்தப் புள்ள கண்ண மூடச் சொல்லி, எந்தப் பக்கம் சத்தம்னு கேட்டா, இவ ஒரே பக்கமா கையக் காட்டறா. நான் பாயிகிட்டச் சொன்னேன், பாதி ஸ்பீக்கருக்குப் பாதி வெலை போடுங்கன்னு."

அறை முழுக்கச் சிரித்தது. அண்ணாமலை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"பாவம், காய்ச்சல்ல போனது" என்று முடித்தான் இளங்கோ.

"காய்ச்சல் இல்லீங்க" என்றாள் அருணா.

குரல் உயரவில்லை. சோறு ஆகிவிட்டது என்று சொல்கிற குரல்தான். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றது.

"காய்ச்சல் இல்லீங்க. இவரு அடிச்சதுல போச்சு."

சொல்லிவிட்டாள். இத்தனை வருஷம் அவன் வாயிலிருந்து வரட்டும் என்று காத்துக் கிடந்தது அவள் வாயிலிருந்தே வந்துவிட்டது. அவள் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று சாதிப்பான் என்று நினைத்தாள். எழுந்து வந்து இன்னொரு அறை விடுவான் என்றுகூட நினைத்தாள், அதற்கும் தயாராகத்தான் இருந்தாள். தலையைக் குனிந்துகொள்வானோ என்ற நப்பாசையும் ஓர் ஓரத்தில் இருந்தது.

இளங்கோ நெற்றியைச் சுருக்கினான்.

"எப்ப?" என்றான்.

அருணா அந்த முகத்தைத் தேடித் தேடிப் பார்த்தாள். இருபது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவளுக்கு அவன் பொய் சொல்லும்போது மூக்கு எப்படி விடைக்கும் என்று தெரியாதா? மூக்கு விடைக்கவில்லை. அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை. அவன் ஒளிக்கவும் இல்லை, அமுக்கவும் இல்லை, அவனை எதுவும் அரிக்கவும் இல்லை. சந்தையிலிருந்து வந்தான், அறைந்தான், சோறு தின்றான், படுத்தான். விடிந்தபோது மறந்துவிட்டான். அவள் ஆயுசையே இரண்டாக வகிர்ந்துபோட்ட நாள் அவன் கணக்கில் ஒரு நாளாகவே இல்லை. இவன் வாயிலிருந்து வரும் என்று நாமக்கல்லிலும் முள்ளுக்குறிச்சியிலும் பஸ்ஸிலும் இவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளே, உள்ளே இருந்தால் அல்லவா வெளியே வருவதற்கு?

"எப்பங்கறேன். நான் எப்ப உன்ன அடிச்சேன்?" என்றான் மறுபடியும். அவன் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அபாண்டமாகப் பழி சுமத்தப்பட்டவனின் வருத்தம்.

"அட விடப்பா" என்றார் அண்ணாமலை. "புருசன் பொண்டாட்டின்னா ஒரு காலத்துல ஒண்ணு ரெண்டு இருக்கும்தான். அதை இப்ப நாலு பேரு முன்னால எதுக்குக் கண்ணு? நல்ல நாளும் அதுவுமா. இளங்கோ, நீ படத்தப் போடு."

"ஆமாமா, படத்தப் போடுங்க" என்றார்கள் பின்னால் இருந்தவர்கள்.

விளக்கு அணைந்தது. திரையில் எழுத்து ஓட ஆரம்பித்தது. கூட்டம் கொஞ்சம் அசைந்து சரியாக உட்கார்ந்தது. எல்லார் முகமும் முன்பக்கம் திரும்பியிருந்தது.

அருணா சொல்ல ஆரம்பித்தாள். அவன் எப்ப என்று கேட்டானே, அதற்குப் பதில் சொல்ல வேண்டாமா? "சந்தையன்னிக்கிங்க. பாப்பா மடியில தூங்கிட்டு இருந்தா. நீங்க மேலக் கொல்லையில நின்னு கூவினீங்க." இருட்டுக்குள் அவள் நிதானமாக, ஒன்றையும் விடாமல் சொன்னாள். கண்ணாயி மட்டும் பலாச்சுளையைக் கையில் வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், வாயில் போடவில்லை. முன்னால் யாரோ "ஸ்ஸ்" என்றார்கள்.

இளங்கோ திரும்பிப் பார்க்கவில்லை. ரிமோட்டைத் தடவி எடுத்துச் சத்தத்தைக் கூட்டினான்.